வீட்டுக்குப் பின்னால் குளத்தில் முதலை: போன் பண்ணுவதா, விட்டுவிடுவதா?

டாம்பா_புதுசு:

வணக்கம் நண்பர்களே. நியூ ஜெர்சியிலிருந்து ஃப்ளோரிடாவுக்கு வந்து, டாம்பாவுக்கு வடக்கே வீடு வாங்கியிருக்கிறோம். பின்பக்கம் ஏரி. ஏரி என்பது பில்டர் வைத்த பெயர், அதற்கென்று விலையிலும் தனியாகச் சேர்த்தார்கள். உண்மையில் மழைத்தண்ணீர் வடிவதற்காக வெட்டிய குளம்தான், இந்தக் கரையில் கூப்பிட்டால் அந்தக் கரையில் கேட்கும். ஆமை, வாத்து, கொக்கு எல்லாம் உண்டு. குளிர்காலம் முழுக்க வேறு எதுவும் கண்ணில் பட்டதில்லை.

இந்த ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை காலை, பக்கத்து வீட்டுப் புல்தரை தண்ணீரைத் தொடுகிற இடத்தில் கிழிந்த லாரி டயர் ஒன்று கிடப்பதாக நினைத்தேன். டயருக்குக் கண் இருந்தது. வாயைப் பாதி திறந்தபடி அசையாமல் வெயில் காய்கிறது. என் கணக்கில் ஆறடி, மனைவி எட்டடி என்கிறாள், மாமனார் பன்னிரண்டடி என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்.

எங்கள் பையனுக்கு நான்கு வயது. மாமனாரும் மாமியாரும் விசாவில் வந்து ஆறு மாதம் இருப்பதாகத் திட்டம். மாமனார் விடிவதற்கு முன்பே குளத்தைச் சுற்றி நடக்கப் போய்விடுவார், மீந்த பிரட், சோறு எதையும் வீணாக்காமல் வாத்துக்கும் ஆமைக்கும் போட்டுவிட்டு வருவார். "என் செருப்புச் சத்தம் கேட்டாலே கரைக்கு வந்துடுதுங்க" என்று பெருமை வேறு.

பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னேன், சிரித்துவிட்டு "வெல்கம் டு ஃப்ளோரிடா" என்றார். எங்கள் குடியிருப்பு வீட்டுக்காரர்கள் சங்கமான எச்.ஓ.ஏ.வுக்கு மெயில் போட்டால், நீர்நிலைகளில் வனவிலங்குகள் இருக்கக்கூடும், கவனமாக இருக்கவும் என்று எல்லாருக்கும் அனுப்புகிற அதே பதில். அரசாங்கத்தில் சொன்னால் பிடித்துக்கொண்டு போய் வேறு எங்காவது விடுவார்களா? வேலி போட்டால் போதுமா? இல்லை, பையன் இனி பின்பக்கம் காலே வைக்கக் கூடாதா? பழைய ஆட்கள் யாராவது சொல்லுங்கள்.

ஆர்லாண்டோ_அக்கா:

தம்பி, முதலில் மாமனாரை நிறுத்துங்கள். முதலையைப் பற்றி அப்புறம் பேசலாம்.

நான் சும்மா சொல்லவில்லை. முதலைக்குத் தீனி போடுவது இந்த மாநிலத்தில் சட்டப்படி குற்றம். அவர் போடுவது வாத்துக்குத்தான், சரி, ஆனால் வாத்தும் ஆமையும் மீனும் தினமும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் கூடினால் முதலைக்கு அது பந்தி விரித்த மாதிரிதான். கொஞ்ச நாளில் வாத்தை விட்டுவிட்டு, மனிதன் கரையில் வந்து நின்றால் சாப்பாடு என்று படித்துக்கொள்ளும். சாதாரணமாக முதலை மனிதனைப் பார்த்தால் தண்ணீருக்குள் இறங்கிவிடும். அந்தப் பயம் போவதற்குப் பெரும்பாலும் தீனிதான் காரணம். அதிலும் அவர் நடக்கிற நேரத்தைப் பாருங்கள், பொழுது சாய்ந்ததிலிருந்து விடிகிற வரைக்கும்தான் அவை சுறுசுறுப்பாக இரை தேடும். நடையை நன்றாக வெயில் வந்த பிறகு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், அதுவும் ரோட்டுப் பக்கமாக.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். மாநில வனவிலங்கு ஆணையம், அதாவது எஃப்.டபிள்யூ.சி., தொல்லை தரும் முதலைகளுக்கென்றே ஒரு ஹாட்லைன் வைத்திருக்கிறது: 866-392-4286. பொதுவாக நான்கு அடியோ அதற்கு மேலோ இருந்து, ஆளுக்கோ வளர்ப்புப் பிராணிக்கோ சொத்துக்கோ ஆபத்து என்று தோன்றினால் டிராப்பரை, அதாவது முதலை பிடிப்பவரை, அனுப்புவார்கள். ஆனால் "பிடித்துக்கொண்டு போய் எங்காவது விடுவார்கள்" என்று நினைத்து போன் செய்யாதீர்கள். விட மாட்டார்கள். பெரும்பாலும் கொன்றுவிடுவார்கள். டிராப்பருக்கு அரசாங்கம் கொடுக்கிற பணம் சொற்பம், தோலையும் இறைச்சியையும் விற்றுத்தான் அவர் சம்பாதிக்கிறார். வேறு இடத்தில் கொண்டுபோய் விட்டாலும் அவை பழைய இடத்துக்கே திரும்பி வரப் பார்க்கும், போகிற வழியில் எத்தனை ரோடு, எத்தனை வீட்டுக் கொல்லை. அதனால்தான் அப்படி வைத்திருக்கிறார்கள்.

இதைத் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள். சும்மா வெயில் காய்கிற முதலைக்காக நான் போன் செய்ய மாட்டேன். ஆளைப் பார்த்து நெருங்கி வருகிற முதலை என்றால் அந்த நிமிடமே செய்வேன்.

ரெண்டு_பிள்ளை_அப்பா:

அக்கா சொல்வதில் பாதிக்குத்தான் என் ஓட்டு. நான்கு வயதுக் குழந்தை இருக்கிற வீட்டில் "நெருங்கி வருகிறதா பார்ப்போம்" என்று காத்திருப்பதெல்லாம் முடியாது.

2016 ஜூனில் டிஸ்னி வேர்ல்டில் நடந்தது எல்லாருக்கும் தெரியும். அதுவும் வெட்டிய ஏரிதான், ரிசார்ட்டின் மணல் கரை, இரவு நேரம், இரண்டு வயதுப் பையன் ஓரத்துத் தண்ணீரில் கால் நனைத்துக்கொண்டு நின்றான், முதலை அவனைக் கவ்விவிட்டது, அப்பா பக்கத்திலேயே இருந்தார், அதன் வாயைப் பிடித்து இழுத்துப் பார்த்தும் காப்பாற்ற முடியவில்லை. அதற்குப் பிறகுதான் அங்கே முதலை எச்சரிக்கைப் பலகையும் தடுப்பும் வந்தன. 2023 பிப்ரவரியில் ஃபோர்ட் பியர்ஸில், முதியவர்கள் குடியிருப்பு ஒன்றின் குளக்கரையில் நாயோடு நடந்த 85 வயது அம்மா இறந்துபோனார். காட்டில் நடந்தது என்றால் விட்டுவிடலாம், இரண்டும் ஆட்கள் புழங்குகிற இடம்.

ஏதோ முதலைக்குப் பாவம் பார்க்கிறீர்கள், சரி. ஃப்ளோரிடாவில் சுமார் 13 லட்சம் இருக்கின்றன, 67 கவுண்டியிலும், அதாவது எல்லா மாவட்டத்திலும், இருக்கின்றன. ஒன்று போனால் இனம் அழிந்துவிடாது. நான் என்றால் போன் செய்துவிட்டுத்தான் மறுவேலை.

கேட்டர்_மாணவன்:

கெயின்ஸ்வில்லில் படிக்கிறேன், எங்கள் வளாகத்து லேக் ஆலிஸில் முதலைகள் உண்டு, வகுப்புக்குப் போகிற வழியில் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டது. அதனால் கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் குளத்துக்கு இது திடீரென்று ஏன் வந்தது என்றால், மாதத்தைப் பாருங்கள். ஏப்ரலில் இணை தேட ஆரம்பிக்கும், மே, ஜூனில் இனச்சேர்க்கை. இந்தச் சமயத்தில் ஆண் முதலைகள் ஒரு குளத்திலிருந்து இன்னொன்றுக்குத் தரை வழியாகவே நடந்து போகும், குளங்களை இணைக்கிற மழைநீர்க் குழாய் வழியாகவும் போகும். சின்ன முதலைகளைப் பெரியது துரத்திவிடும், அவையும் புது இடம் தேடும். குளிர்காலத்தில் நீங்கள் பார்க்காததால் அப்போது இல்லை என்றும் சொல்ல முடியாது. 70 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போனால் அவை இரை எடுப்பதை நிறுத்திவிடும், 55க்குக் கீழே அசையாமல் கிடக்கும். வாயைத் திறந்து வைத்திருந்தது உங்களை மிரட்ட அல்ல, உடம்புச் சூட்டைச் சரிசெய்துகொள்கிறது. உஸ்ஸென்று சீறினால்தான் மிரட்டல், அப்படிக் கேட்டால் நீங்கள் ஏற்கெனவே ரொம்பப் பக்கத்தில் போய்விட்டீர்கள் என்று அர்த்தம், பின்வாங்கிவிடுங்கள்.

நீளத்தை மாமனார் கணக்கில் எடுக்க வேண்டாம். தலை மட்டும் தெரியும்போது போனில் ஜூம் செய்து ஒரு படம் எடுங்கள், கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் நடுவில் எத்தனை அங்குலம் என்று மதிப்பிட்டால் அத்தனை அடி இருக்கும் என்பது இங்கே எல்லாரும் பயன்படுத்துகிற கணக்கு. ஆறு அங்குலம் என்றால் ஆறடி. ராத்திரியில் மாடியிலிருந்தோ வராந்தாவிலிருந்தோ டார்ச்சைக் கண் மட்டத்தில் பிடித்துக் குளத்தை மெதுவாகத் துழாவுங்கள், பெரிய முதலையின் கண் சிவப்பாகப் பளிச்சிடும். எத்தனை ஜோடி என்று தெரிந்துவிடும்.

ஒன்றைக் கொன்றால் பிரச்சினை தீர்ந்தது என்கிற நண்பருக்கு: குளத்தில் மீனும் ஆமையும் இருக்கிற வரை அது காலியிடம்தான், அடுத்த வசந்தத்தில் வேறொன்று வரும். கணக்கு என்று பார்த்தால், சீண்டாமலே கடித்து, வைத்தியம் பார்க்க வேண்டிய அளவுக்குப் போகிற சம்பவங்கள் மாநிலம் முழுக்க வருடத்துக்குச் சராசரியாக எட்டுதான். இரண்டு கோடிக்கு மேல் ஆட்கள், 13 லட்சம் முதலை, அவ்வளவு தண்ணீர். அந்த எட்டும் பெரும்பாலும் தண்ணீரிலோ தண்ணீரின் ஓரத்திலோ நடப்பவை. அதனால்தான் எல்லாரும் கரையோரம் கரையோரம் என்று அடித்துக்கொள்கிறார்கள். நாய் விஷயத்தில் இன்னும் கண்டிப்பு வேண்டும், முதலை வழக்கமாகத் தின்னும் இரையின் அளவில்தான் அது இருக்கும்.

அப்புறம், துரத்தினால் வளைந்து வளைந்து ஓடு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தரையில் அது ஆளைத் துரத்துவதே அபூர்வம், ஓட வேண்டியிருந்தால் தண்ணீரை விட்டு விலகி நேராக ஓடுங்கள். பிடித்தேவிட்டால் சும்மா இருக்காமல் மூக்கிலும் கண்ணிலும் பலமாக அடித்துப் போராட வேண்டும், அது பிடியை விட்டுவிட வாய்ப்பு உண்டு.

சும்மா_ஒரு_யோசனை:

ரெண்டு கல்லை விட்டு எறிந்தால் தானாகப் போய்விடாதா? எதற்கு இவ்வளவு பேச்சு.

ஆர்லாண்டோ_அக்கா:

எறிந்து பாருங்கள், போலீஸ் வீட்டுக்கு வரும். முதலையைச் சீண்டுவதும் சட்டவிரோதம், அனுமதியில்லாமல் கொன்றால் ஃபெலனி, அதாவது கடுமையான குற்றம். 1967ல் அழியப்போகிற இனங்களின் பட்டியலில் போட்டு, கஷ்டப்பட்டு மீட்டு, 1987ல்தான் முழுதாக மீண்டுவிட்டது என்று அறிவித்தார்கள். மாநிலம் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. விசாவில் இருக்கிற நம் ஆட்கள் இந்த மாதிரி வம்பில் மாட்டினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வேலி பற்றி யாரும் சொல்லவில்லையே. போடுங்கள், ஆனால் அது முதலையை நிறுத்த என்பதைவிடப் பையனை நிறுத்த என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பிவலை வேலியில் முதலை ஏறும், நானே பார்த்திருக்கிறேன், முன்கால் நகத்தை வலைக்குள் மாட்டி, வயிற்றை இழுத்து இழுத்து மேலே போய், அந்தப் பக்கம் தொப்பென்று விழுந்தது. அதைப் பார்த்த பிறகு எங்கள் வீட்டில் கம்பிவலை வேண்டாம் என்று முடிவானது. குளத்துப் பக்கம் பல எச்.ஓ.ஏ.க்கள் காட்சி மறையக் கூடாதென்று கம்பிக் கிராதி வேலி மட்டும்தான் அனுமதிப்பார்கள். நல்லதுதான், அதில் கால் வைத்து ஏறுவது கஷ்டம், அந்தப் பக்கம் என்ன படுத்திருக்கிறது என்றும் நமக்குத் தெரியும். கதவு தானாக மூடித் தாழ்ப்பாள் விழுகிற மாதிரி வையுங்கள், எட்டாத உயரத்தில்.

சுகர்லேண்ட்_வாசி:

ஹூஸ்டன் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். இங்கேயும் இதே கதைதான், 2017ல் ஹார்வி புயல் வெள்ளம் வந்தபோது வீட்டு வாசலில் எல்லாம் முதலையைப் பார்த்தார்கள். டெக்ஸாஸில் விதிமுறை வேறு, பூங்கா வனவிலங்குத் துறையிடம் சொல்ல வேண்டும், அதனால் அதைப் பற்றி எழுதி உங்களைக் குழப்பவில்லை.

ஒன்று மட்டும். எங்கள் அப்பா அம்மா வந்தபோது வாயால் எவ்வளவு சொன்னாலும் ஏறவில்லை, "ஓரமா கிடக்கு, பாவம்" என்பார்கள். பிரேசோஸ் பெண்ட் ஸ்டேட் பார்க்குக்கு ஒரு நாள் கூட்டிப்போனேன். அங்கே முதலையிடமிருந்து முப்பது அடி தள்ளியே இருக்க வேண்டும் என்று விதி. மரக்கட்டை மாதிரி கிடந்த ஒன்று ஏதோ பறவையைப் பார்த்து ஒரு நொடியில் எகிறியதை அம்மா கண்ணால் பார்த்தார். அன்றோடு குளக்கரைப் பக்கம் போவதை அவரே விட்டுவிட்டார். டாம்பா பக்கமும் இந்த மாதிரி பார்க் இல்லாமலா இருக்கும், மாமனாரைக் கூட்டிப்போங்கள்.

டாம்பா_புதுசு:

எல்லாருக்கும் நன்றி. இந்த வாரம் நடந்ததைச் சொல்கிறேன், நிலைமை மாறிவிட்டது.

கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே ஆறு அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே, ஆக ஆறரை அடி. மாமனார் ஒத்துக்கொள்ளவில்லை, அது வேறு விஷயம். டார்ச் அடித்ததில் ஒரு ஜோடிக் கண்தான் தெரிந்தது. பிரட் போடுவதை நிறுத்தச் சொன்னேன், சட்டப்படி அபராதம் என்றதும் நிறுத்திவிட்டார்.

ஆனால் நேற்று சாயங்காலம் அவர் வெறும் கையோடு கரைக்கு நாலைந்து அடி தள்ளி நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். நான் வராந்தாவில் இருந்தேன். எதிர்க்கரையிலிருந்து தலை மட்டும் வெளியே தெரிய, தண்ணீரில் அலைகூட எழாமல், நேர்கோடு போட்ட மாதிரி அவரை நோக்கி வந்தது. கரைக்கு இரண்டு ஆள் நீளத்தில் நின்றுவிட்டது. மூழ்கவில்லை, திரும்பவில்லை, அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் கத்தி அவரை உள்ளே வரவழைத்தேன், அவர் போனதற்கு அப்புறமும் அது அங்கேயேதான் இருந்தது. "எனக்கு வணக்கம் சொல்ல வந்துச்சு" என்கிறார் மனுஷன்.

இன்னொன்றும் தெரியவந்தது. இரண்டு வீடு தள்ளி இருப்பவர் மீன் பிடித்துச் சுத்தம் செய்துவிட்டுத் தலையையும் குடலையும் குளத்திலேயே எறிகிறார். அவரிடம் எப்படிச் சொல்வது? இப்போது போன் செய்வதுதான் சரி என்று எனக்கும் தோன்றுகிறது, ஆனால் அதைக் கொன்றுவிடுவார்கள் என்று தெரிந்த பிறகு கை வரமாட்டேன் என்கிறது. பழக்கிவிட்டது எங்கள் வீட்டு ஆள், சாவது அது.

கேட்டர்_மாணவன்:

சும்மா வெயில் காய்ந்தவரைக்கும் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். ஆளைப் பார்த்துக் கிட்டே வந்து, கத்திய பிறகும் விலகாமல் நிற்கிறது என்றால் பயம் போய்விட்டது. இனி நீங்கள் தீனியை நிறுத்தினாலும் அது மறக்கக் காத்திருக்க முடியாது, நடுவில் வேறு யாருடைய குழந்தையாவது அந்தக் கரையில் நிற்கும். போன் செய்யுங்கள்.

ரெண்டு_பிள்ளை_அப்பா:

நான் முதலிலேயே சொன்னேன்.

ஆர்லாண்டோ_அக்கா:

சொன்னீர்கள், சொன்னீர்கள்.

தம்பி, போன் செய்யும்போது ஒன்றைக் கவனியுங்கள். குளம் உங்கள் சொத்தாக இருக்காது, எச்.ஓ.ஏ.வின் பொது இடமாகத்தான் இருக்கும். அவர்களுடைய அனுமதியில்லாமல் டிராப்பர் இறங்க முடியாது. அதனால் எச்.ஓ.ஏ.வின் வேலைகளைப் பார்த்துக்கொள்கிற மேனேஜ்மென்ட் கம்பெனியிடம் இன்றே எழுத்தில் கேளுங்கள். "முதலை இருக்கிறது" என்று எழுதினால் பழைய பதில்தான் வரும். தேதி, நேரம், ஆளை நோக்கி வந்தது, கத்தியும் விலகவில்லை, கரையில் மீன் கழிவு போடப்படுகிறது, இதையெல்லாம் எழுதி படத்தையும் இணையுங்கள். எழுத்தில் இப்படி வந்த பிறகு சும்மா இருந்துவிட்டு நாளைக்கு ஏதாவது ஆனால் பொறுப்பு அவர்கள் தலையில் என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

மீன்காரரிடம் நீங்கள் நேரே போய்ச் சண்டை போட வேண்டாம். எல்லா வீட்டுக்கும் சேர்த்து நோட்டீஸ் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், தீனி போடாதீர்கள் என்று கரையில் பலகையும் வைக்கச் சொல்லுங்கள். இதைச் செய்யாமல் முதலையை மட்டும் பிடித்தால் அடுத்து வருவதையும் இப்படியே பழக்கிவிடுவார்கள்.

டாம்பா_புதுசு:

போன் செய்துவிட்டேன். எங்கே, எவ்வளவு நீளம், என்ன செய்தது என்று பொறுமையாகக் கேட்டார்கள். அக்கா சொன்ன மாதிரியே குளம் யாருடையது என்ற கேள்வியும் வந்தது. மேனேஜ்மென்ட் கம்பெனிக்கு எழுதிய மெயிலுக்கு இந்த முறை அன்றைக்கே பதில், அனுமதி கொடுத்துவிட்டார்கள். பலகை விஷயம் அடுத்த போர்டு மீட்டிங்கில் வருமாம், நானும் போகிறேன். டிராப்பர் வரும்வரை பின்கதவைப் பூட்டிச் சாவியை மனைவி வைத்திருக்கிறாள். மாமனார் இப்போது கம்யூனிட்டி ஜிம்மில் டிரெட்மில்லில் நடக்கிறார், பிடிக்கவில்லை என்று தினமும் புகார்.

கிராதி வேலிக்கு விண்ணப்பம் போடப் போகிறேன், நாலடி போதுமா, ஐந்தடி கேட்கலாமா? உங்கள் பக்கம் யாருக்காவது ஐந்தடிக்கு அனுமதி கிடைத்திருக்கிறதா?